மஞ்சள் தண்ணீர் குடித்த கணினி

கோகுலனுக்கு ஊர் வைத்த பெயர் லினக்ஸ். உரும்பிராயில் பாதிச் சனத்துக்கு அது என்னவென்று தெரியாது. அவன் படித்த படிப்பின் பெயர் என்று சிலரும், அவனுக்கு இருக்கிற ஏதோ வருத்தத்தின் பெயர் என்று சிலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். படலையடியில் நின்று "லினக்ஸ் நிக்கிறாரோ?" என்று யாராவது கேட்டால், பெற்ற தாயே "ஓம், கிணத்தடியிலை நிக்கிறார், பொறுங்கோ" என்று சொல்லிவிடுவா.

அவன் எந்த நேரமும் கிணற்றடியில்தான் நிற்பான். நாளுக்கு ஒன்பது தரம் கை கழுவுவான், மூன்று தரம் முழுகுவான். அந்த ஒரு வீட்டுச் சவுக்காரச் செலவில் ஒரு பள்ளிக்கூடத்தையே வெளுத்துவிடலாம். காரணம் அவனுடைய தொழில்.

தொழில் என்னவென்றால், விண்டோஸ் இழுக்க முடியாமல் மூச்சு வாங்குகிற பழைய கணினிகளில், சும்மா கிடைக்கிற லினக்ஸ் என்கிற இயங்குதளத்தைப் போட்டு ஓட வைப்பது. அவை படுத்தால் எழுப்புவது. திரைக்குள் எல்லாம் சுத்தம். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. ஒரு கட்டளை கொடுத்தால் ஒரு பதில். தூசி இல்லை, துப்பல் இல்லை. ஆனால் அந்த உலகத்தை ஒரு தகரப் பெட்டிக்குள் அடைத்துச் சனத்தின் கையில் கொடுத்துவிடுகிறார்களே, அங்கேதான் நாற்றம் தொடங்குகிறது.

உடுவிலில் ஒரு ரியூசன் கொட்டிலின் கணினியைத் திறந்தபோது, சூடான இடம் பார்த்துப் பல்லி ஒன்று உள்ளே பிள்ளைப்பேற்று விடுதியே நடத்திக்கொண்டிருந்தது. பதினொரு முட்டை. அளவெட்டியில் ஒரு வீட்டில் கரப்பொத்தான்கள் மூன்று தலைமுறையாகக் காணி உறுதி வைத்திருக்கிறவை மாதிரிக் குடியிருந்தன. மூடியைக் கழற்றியவனை அவை திரும்பிப் பார்த்த பார்வையில், மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்ப மூடினான் கோகுலன். அதற்குப் பிறகு எங்கே போனாலும் கையுறை, வாய்க்கு மாஸ்க், பெயின்ற் பிறஸ், ஒரு போத்தல் ஸ்பிரிற். அவன் படியேறி வருவதைப் பார்க்கிறவர்கள் பிரேத பரிசோதனைக்கு ஆள் வந்துவிட்டது என்று நினைப்பார்கள்.

ஆனால் பல்லியும் கரப்பொத்தானும் சண்முகநாதனுக்குக் கிட்ட வர முடியாது.

சண்முகநாதன் ஊரில் வீடியோ ஸ்ரூடியோ வைத்திருக்கிறவர். அறுபது வயது, வாசலை அடைக்கிற உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு. கலியாணவீடு, செத்தவீடு இரண்டையும் கனடா, லண்டன், பிரான்ஸில் இருக்கிற உறவுகளுக்கு நேரடியாகக் காட்டுவது அவருடைய பிழைப்பு. செத்தவீட்டில் முந்நூறு சனமும் முந்நூறு போனை எடுத்தால் சிக்னல் செத்துவிடும். அதனால் கோகுலன் அவருக்கு ஒரு லினக்ஸ் பெட்டி செய்து கொடுத்திருந்தான். நாலு கொம்பனிகளின் சிம்மை ஒன்றாகக் கட்டி, நாலு வழியாலும் படத்தை அனுப்புகிற பெட்டி. எந்தச் சனத்துக்குள்ளும் நிற்காமல் ஓடும்.

மூன்று மாதத்துக்கு முன் அதைத் துடைக்கப் போன கோகுலனின் கையுறையில் மஞ்சளாக ஏதோ ஒட்டியது.

"அண்ணை, உதென்ன வழியுது?"

"மஞ்சள் தண்ணி தம்பி. செத்தவீட்டுக்குப் போட்டு வந்த சாமானெல்லே. துடக்கோடை, அந்தத் தீட்டோடை அப்பிடியே உள்ளுக்கு எடுக்கேலுமே? மாவிலையாலை ரண்டு துளி தெளிச்சனான்."

"ரண்டு துளியோ? உள்ளுக்கை நெல்லு விதைக்கலாம்."

"நான் முழுகிறன், சாமான் ஏத்துற வான் வண்டியைக் கழுவுறன். அது மட்டும் துடக்கோடை இருக்கிறதோ?"

"கொம்பியூட்டருக்கு ஆரண்ணை செத்தது?"

சண்முகநாதன் பிள்ளையார் மேல் சத்தியம் பண்ணினார். இனிமேல் தெளிப்பதில்லை. கோகுலன் அன்றைக்கு நாலு தரம் முழுகினான்.

இது நடந்து மூன்று மாதம் கழித்து ஒரு புதன்கிழமை காலை, பத்தே முக்காலுக்குக் கிணற்றடியில் போன் அடித்தது.

"லினக்ஸ், ஓடி வா. குணலட்சுமியக்காவின்ரை செத்தவீடு. படம் போகுதில்லை."

குணலட்சுமியின் வீடு நாலு ஒழுங்கை தள்ளி. கோகுலன் சைக்கிளில் போனபோது பந்தல் நிறையச் சனம். மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது. நடுவில் சவப்பெட்டிக்குள் குணலட்சுமி, பட்டுச்சேலையோடு. தலைமாட்டில் மகள் சிவகௌரி, ஒரு கை பெட்டியின் விளிம்பில், மற்றக் கையில் போன். போனுக்குள் தம்பி றமேஸ்.

றமேஸ் பிரான்ஸுக்குப் போய்ப் பதினொரு வருசம். இன்னும் விசாப் பத்திரம் சரிவரவில்லை. இங்கே வந்தால் திரும்பிப் போக முடியாது. பெண்சாதி பிள்ளைகள் அங்கே. தாயின் முகத்தை அவன் கடைசியாகப் பார்க்கப்போவது இந்தப் பெட்டி மூடும் வரைக்கும்தான், அதுவும் படத்தில்தான்.

றமேஸுக்குப் போகிற படத்தில் தாயின் முகம் நாலு மண்ணிறச் சதுரமாகத் தெரிந்தது. அதுவும் அசையவில்லை.

"அக்கா, ஒண்டும் தெரியேல்லை. மூட வேண்டாமெண்டு சொல்லுங்கோ அக்கா. ஒருக்கா முகத்தைப் பாக்கவேணும்."

சிவகௌரி கோகுலனைப் பார்த்தா. "தம்பி, என்னவாவது செய்."

கிரியை செய்த குருக்கள் தலையை நீட்டினார். "கெதியாப் பாருங்கோ. எனக்குப் பன்னிரண்டரைக்குக் கோப்பாயிலை இன்னொண்டு இருக்கு. பன்னிரண்டுக்கு மூடவேணும்."

லினக்ஸ் பெட்டி சண்முகநாதனின் வான் வண்டிக்குப் பின்னால் ஒரு மேசையில் இருந்தது. கோகுலன் கையுறையை மாட்டிக்கொண்டு தட்டினான். இடம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிற கட்டளை. பதில் ஒரு வரி. நூற்றுக்கு நூறு நிறைந்துவிட்டது.

"அண்ணை, டிஸ்க்கிலை ஒரு ஊசி குத்த இடமில்லை. அதுதான் ஓடுதில்லை. உள்ளுக்கை என்ன வைச்சிருக்கிறியள்?"

"ஆக்கள்."

"என்ன ஆக்கள்?"

"செத்த ஆக்கள்."

இருநூற்றிப் பதினாலு செத்தவீடு. எட்டு வருசத்தில் பிடித்த ஒன்றையும் சண்முகநாதன் அழிக்கவில்லை. கோகுலன் பட்டியலைத் திறந்தான்.

"இதை அழிக்கிறன்."

"ஐயோ, அவர் என்னைப் படிப்பிச்ச மாஸ்ரர்."

"சரி, இவரை?"

"உவருக்கு இன்னும் அந்தியேட்டி முடியேல்லை. முப்பத்தொண்டுக்கு முன்னம் கை வைக்காதை."

"இவ?"

"என்ரை மாமியடா!"

"இந்த ஆளை ஏழு வருசமா ஒரு சீவனும் திறந்து பாக்கேல்லை அண்ணை."

"பாக்கேல்லை எண்டதுக்காக மனிசரை இன்னொருக்காச் சாக்கொல்லுறதோ?"

கோகுலன் மாஸ்க்கை இன்னும் இறுக்கினான். வானுக்குள்ளிருந்து வாடின பூமாலை நாற்றம், சாம்பிராணி, பழைய வியர்வை, இவருடைய நியாயம். ஊர்ச் சுடலையில் கூட இவ்வளவு பேரை வைத்திருக்க மாட்டார்கள். அங்கே எரித்துவிடுவார்கள்.

நேரம் பதினொன்று இருபது. எவனையாவது அழித்தே தீருவது என்று விரலை ஓங்கியவன், முதலில் யார் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார்கள் என்று அளந்து பார்த்தான். ஓங்கின விரல் அப்படியே நின்றது. இருநூற்றிப் பதினாலு பேரும் சேர்ந்து பாதி டிஸ்க்தான். பாவம், ஒதுங்கித்தான் கிடந்தார்கள். மிச்சப் பாதியை ஒரே ஒரு கோப்பு தின்று வீங்கிப்போய்க் கிடந்தது.

அது லொக். கணினி தனக்கு நடக்கிறதை எல்லாம் தானே எழுதி வைக்கிற நாட்குறிப்பு. கோகுலன் அதன் வாலைத் திறந்தான். கமரா வயர் கழன்றது. கமரா வயர் பூட்டியது. கழன்றது. பூட்டியது. கோடிக்கணக்கான வரி, ஒரே அழுகை. கிழமைக்கணக்காக அந்தச் சீவன் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது, கேட்க ஆளில்லை.

ஆனால் வயர் அசையாமல்தானே இருக்கிறது?

பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பினான். வயர் பூட்டுகிற துளைகள் எல்லாம் பச்சையும் மஞ்சளுமாகக் களி பிடித்திருந்தன. அதற்குள் எறும்புகள் கால் பரப்பிச் செத்துக் கிடந்தன. ஒரு துண்டு மாவிலை. மாஸ்க்கைத் தாண்டி மூக்கில் அடித்தது. மஞ்சள்.

"அண்ணை!"

சண்முகநாதன் நிலத்தைப் பார்த்தார். "மேலை தெளிக்கேல்லை தம்பி. உனக்குச் சத்தியம் பண்ணினனானெல்லே. பின்னுக்கு மட்டும்தான்."

"பின்னுக்குத்தான் அண்ணை எல்லா ஓட்டையும் இருக்கு!"

அழுதால் முகம் தொட வேண்டி வரும் என்பதால் கோகுலன் அழவில்லை. அந்த லொக்கை ஒரே கட்டளையில் அழித்தான். பாதி டிஸ்க் விடுபட வேண்டும். திரும்ப இடத்தைக் கேட்டான்.

நூற்றுக்கு நூறு.

இன்னொரு தரம் கேட்டான். நூற்றுக்கு நூறு.

பந்தலில் குருக்கள் தொண்டையைச் செருமினார். மேளகாரர் அடியை மாற்றினார்கள். சிவகௌரியின் போனில் றமேஸ் "அக்கா, அக்கா" என்பது துண்டு துண்டாகக் கேட்டது.

"நிப்பாட்டிப்போட்டுப் போடன்" என்றார் சண்முகநாதன்.

"நிப்பாட்டினால் முழு டிஸ்க்கையும் சோதிச்சு எழும்ப முக்கால் மணித்தியாலம். அந்த நேரம் நாங்கள் சுடலையிலை நிப்பம்."

பன்னிரண்டுக்கு இன்னும் பதினைந்து நிமிடம். பெண்கள் எழும்பி விட்டார்கள். ஒப்பாரி உச்சத்துக்குப் போனது. இரண்டு பேர் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சிவகௌரி விளிம்பை விடவில்லை. ஒரு மாமி விரல் விரலாகக் கழற்றப் பார்த்தா. "விடு பிள்ளை, அம்மா போட்டா. விடு." விடவில்லை. மூடி அந்தரத்தில் நின்றது.

கோகுலன் அதைப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான். மூளைக்குள் ஒரு லைற் எரிந்தது.

"அண்ணை, பிடிச்சிருக்கிறான்!"

"ஆர்?"

"லொக் எழுதுறவன். கோப்பு செத்துப் போச்சு, பேரைக்கூட அழிச்சாச்சு. ஆனா எழுதிக்கொண்டிருந்தவன் அதை இன்னும் கையாலை பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். அவன் விடுமட்டும் இடம் விடுபடாது."

செத்துப்போனவற்றை யார் யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டுகிற கட்டளையைக் கொடுத்தான். ஒரு பெயர் வந்தது. லொக் எழுதுகிற அந்தச் சேவையை மட்டும் நிற்பாட்டித் திரும்பத் தொடக்கினான். இடத்தைக் கேட்டான். நாற்பத்தொன்பது.

சண்முகநாதன் கையெடுத்துக் கும்பிட்டார், யாரை என்று தெரியவில்லை.

இனி அந்த ஓட்டை. பிறஸ் போகவில்லை. கையுறை தடித்து விரல் நுழையவில்லை. இன்னும் ஏழு நிமிடம். கோகுலன் கையுறையைக் கழற்றி எறிந்தான். நாளுக்கு ஒன்பது தரம் கழுவுகிற அந்த விரலை, வளர்த்து வெட்டி வைத்திருந்த அந்த நகத்தை, பச்சைக் களிக்குள் விட்டுத் தோண்டினான். செத்த எறும்பு நகத்துக்குள் போனது. ஓங்காளித்தான். தோண்டினான். துடைத்தான், ஸ்பிரிற் ஊற்றினான், ஓங்காளித்தான், வயரைப் பூட்டினான்.

கமராவின் சிவப்பு லைற் நின்று எரிந்தது. நாலு சிம்மும் ஒவ்வொன்றாகப் பச்சை.

பந்தலில் சிவகௌரியின் போனில் ஒரு மூச்சு கேட்டது. பிறகு தெளிவாக, பக்கத்தில் நிற்கிறவன் கதைக்கிற மாதிரி, றமேஸின் குரல்.

"அக்கா... தெரியுது. அம்மா மெலிஞ்சு போனா என்ன?"

சிவகௌரி போனை இன்னும் கிட்டப் பிடித்தா.

"பொட்டு ஆர் வைச்சது? கொஞ்சம் சரிஞ்சிருக்கு அக்கா."

சிவகௌரி பெட்டியிலிருந்து கையை எடுத்தா. முந்தானையால் விரலைத் துடைத்து, தாயின் பொட்டை நேராக்கினா. குருக்கள் மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டு தாண்டியிருந்தது. மூடிக்காரரைக் கை காட்டி நிறுத்தினார்.

"பொறுங்கோ. கோப்பாயிலை கிடக்கிறவர் எழும்பி எங்கை ஓடப்போறார். பொடியன் பாக்கட்டும்."

பன்னிரண்டே காலுக்கு மூடினார்கள். அப்போது சிவகௌரி பிடிக்கவில்லை.

கோகுலன் வேலியோரம் போய்க் காலைச் சாப்பாட்டை வாந்தியாகக் கொட்டிவிட்டு, குழாயடியில் நகத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றான். தோல் போகும்வரை தேய்த்தும் மஞ்சள் போகவில்லை.

பின்னேரம் ஸ்ரூடியோ வாசலில் பெட்டியை இறக்கினார்கள். உள்ளே போன சண்முகநாதன் செம்பும் மாவிலையுமாக வெளியே வந்தார்.

கோகுலன் பெட்டிக்கு மேல் ஏறி இருந்துவிட்டான்.

"எழும்படா தம்பி."

"எழும்பமாட்டன்."

"துடக்கடா. ரண்டு துளி. இல்லாட்டி எனக்கு நித்திரை வராது."

"பெட்டிக்கு ஒரு துளி விட்டியளெண்டால் உங்கடை இருநூற்றிப் பதினைஞ்சு பேரையும் ஒரே கொமாண்டிலை சுடலைக்கு அனுப்பிப்போடுவன். துடக்கெல்லாம் என்னிலைதான் ஒட்டினது. எனக்குத் தெளியுங்கோ."

சண்முகநாதன் யோசித்தார். அதில் நியாயம் இருப்பது மாதிரித்தான் பட்டது. செம்பை அப்படியே அவன் தலையில் கவிழ்த்தார். மாவிலை ஒன்று காதில் தொங்கியது. மஞ்சள் தண்ணீர் மூக்கால் வடிந்து வாய்க்குள் போனது. கோகுலன் துப்பினான். வாழ்க்கையில் இவ்வளவு அசிங்கமாக அவன் தன்னை ஒருநாளும் உணர்ந்ததில்லை. ஆனால் ஒரு துளி கீழே இறங்காமல், போட்டிருந்த சேட்டின் நுனியை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு பெட்டி ஒருநாளும் படுக்கவில்லை. ஊரில் எவர் செத்தாலும் அன்று பின்னேரம் லினக்ஸுக்குப் போன் வரும். "தம்பி, போட்டு வந்திட்டம். வா, உனக்குத் தெளிக்கவேணும்." காறித் துப்பிக்கொண்டே சைக்கிளை எடுப்பான். போகும்போதே பின்னால் சவுக்காரப் பெட்டி கட்டியிருக்கும்.