அத்தான் சொன்ன சுகம்

1980களில், பிரெஞ்சு நாட்டுக்கு அகதியாக வந்த புதிதில், படியில் விழுந்து நொறுங்கிய என் இடுப்பு மூட்டை மாற்றி வைத்தார்கள். நடை வந்துவிட்டது; அழுகைதான் நிற்கவில்லை. நம் சனம் நிறைந்த லா ஷப்பல் பகுதியில் அக்கா வீட்டில் கிடந்தேன். திராட்சைப்பழத்தோடு வந்த சனமெல்லாம் நடை எப்படி என்று மட்டும் விசாரித்துவிட்டு, தேநீர் குடித்துப் போனது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தையலைப் பார்த்துவிட்டு, என் முகத்தையும் பார்த்து ஏதோ கேட்டார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அக்காவின் புருஷன்தான் மொழிபெயர்ப்பு.

“நித்திரை வருதோ, அழுறனியோ எண்டு கேக்கிறா.”

“ஓம், ஒவ்வொரு நாளும் அழுறன். உயிரோடை இருக்க விருப்பமில்லை எண்டு சொல்லுங்கோ அத்தான்.”

அத்தான் சிரித்துக்கொண்டே இரண்டு சொல் சொன்னார். டாக்டரம்மாவும் சிரித்து எனக்குக் கைகொடுத்தார்.

வெளியே வந்ததும் அத்தான் சீறினார். “விசரி, மூளை பிசகினவள் எண்டு எழுதிப்போட்டால் உனக்கு ஆர் அகதிக் கார்ட் குடுப்பான்? நல்ல சுகம் எண்டு சொல்லிப்போட்டன்.”

கார்ட் கிடைத்தது. முதல் வேலையாகப் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தேன்; இனி எனக்காகப் பேசச்சொல்லி என் வாயை யாரிடமும் கொடுப்பதில்லை என்றுதான்.

“கெட்டிக்காரி, வேலைக்காகப் படிச்சவள்” என்று அத்தான் இன்றும் சனத்திடம் பெருமையடிக்கிறார். என்னை அவர் இன்னமும் பிழையாகத்தான் மொழிபெயர்க்கிறார்.