சாதிக்காய்க்குக் கண் வைத்தவள்

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் பலசரக்குக் கடைக்குப் பின்னால்தான் வீடு. பெரிய பிள்ளையானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு என் உலகம் ஒரு சவர்க்காரப் பெட்டி. ஒரு பக்கப் பலகையைக் கழற்றி அதைக் கூத்து மேடையாக்கினேன். உடைந்த சீப்பு மகாவலிப் பாலம், தேயிலைப் பெட்டியின் ஈயத்தாள் ஆறு. படிக்கல் வாப்பா, நூற்கட்டை உம்மா, சாதிக்காய் நான். பெட்டிக்குப் பின்னால் குந்தியிருந்து இவற்றை நகர்த்திப் பேசுவேன். பகல் சோற்றுக்குப் பிறகு வீட்டுப் பெண்கள் முன்னால் உட்கார்ந்து சிரிப்பார்கள்.

உருவம் செய்வது எங்கள் மார்க்கத்தில் ஆகாது. அதனால் வாப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"கண் மூக்கு வெக்காம வெளையாடு மகள். வெச்ச அன்டைக்குப் பெட்டி அடுப்புக்குத்தான்."

நான் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை. முகமில்லாத பொருளை வைத்தே ஆளைக் காட்டிவிடுவேன் என்ற கர்வம் எனக்கு நிறைய.

என் கூத்துக்குக் கூட்டாளி ராத்தா. பெரியம்மா மகள், எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவள். அவளுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளையின் தாய் எவர் பேச்சையும் பாதியில் நறுக்கிவிடுவாராம். அவரைப் பாக்குவெட்டியாக்கச் சொன்னதும், பேச்சைச் சொல்லித் தந்ததும் ராத்தாதான். இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்த அன்று அவர்களும் கூத்துப் பார்க்க ஆசைப்பட்டார்கள். பாலம், ஆறு, படிக்கல் என்று அடக்கமாகத்தான் தொடங்கினேன். ஆனால் சிரிப்புச் சத்தம் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. பாக்குவெட்டியையும் எடுத்துவிட்டேன். அந்தத் தாய்க்குத் தன்னைத் தெரிந்துவிட்டது. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். ராத்தா ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள் என்று அவளைப் பார்த்தேன்.

"இவ உருவம் செய்றா மாமி. நான் எத்தன தரம் சொல்லியும் கேக்கல்ல," என்றாள்.

பொருட்களைப் பெட்டிக்குள் போட்டு, பலகையால் மூடி உள்ளே வைத்தேன். கடையிலிருந்து வந்த வாப்பா திரைக்கு அப்பால் நின்று ராத்தா சொன்னதைக் கேட்டுப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்தது ராத்தா. வாப்பா திறந்தபோது சாதிக்காய்க்கு இரண்டு கண்கள் இருந்தன, சுர்மா மையால் வைத்த கண்கள். எங்கள் வீட்டில் சுர்மாச் சிமிழ் வைத்திருந்தவள் புதுப் பெண்ணான அவள் ஒருத்திதான். நான் அவள் விரலைப் பார்த்தேன். அவள் அதை முக்காட்டில் துடைத்துக்கொண்டாள்.

பெட்டி அடுப்புக்குப் போனது. சாதிக்காய் எரிந்த வாசம், கலியாணச் சோறு ஆக்குவது போல, வீடெங்கும் நின்றது. நான் என்ன சொல்லியும் எவரும் நம்பவில்லை. அவள் மீது எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரை தணியவில்லை.

கலியாணத்தன்று மணப்பெண்ணுக்குச் சுர்மா இடுவது தங்கையின் வேலை. என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ராத்தா முகத்தை நிமிர்த்தி, கை நடுங்காமல் வைக்கச் சொன்னாள். நடுங்கவில்லை. என் வாழ்நாளில் ஒரு முகத்துக்கு நான் கண் எழுதியது அன்றுதான்.