இரண்டாவது சாட்சி

உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். இதைப் பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியவள் நான். அந்த இரண்டு பேரை எங்கே போய்ப் பிடிப்பாய் என்று எந்த வாத்தியாரும் கேட்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எனக்கு உதவாமல் போனால் போகட்டும், ஒரு பொம்பளையின் வீடே போச்சு.

அப்போது நான் வக்கீலாகி நாலு மாதம். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எங்கள் ஆபீசுக்குப் பண்டமாரானிலிருந்து ஒரு ஆன்டி வந்தார். துறைமுகத்தில் லோரி ஓட்டிய அவர் கணவர், கிள்ளானில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். வீடு அவர் பேரில். கோயிலில் தாலி கட்டி இருபத்திரண்டு வருடம், ஆனால் கல்யாணத்தைப் பதிவு செய்யவே இல்லை. "யாரு வந்து கேக்கப் போறாங்கன்னு விட்டுட்டோம்மா" என்றார். பிள்ளைகளும் இல்லை. அங்கிளுக்கு ஏதாவது ஆனால் சட்டப்படி வீடு ஜெஞ்சாரோமில் இருக்கும் அவருடைய அண்ணனுக்குத்தான் போகும். அந்த மனுஷன் ஆன்டியை ஒருநாளும் தம்பி பெண்டாட்டியாக மதித்ததில்லை. உயில் இருந்தால் மட்டுமே ஆன்டிக்கு வீடு.

மறுநாளே டைப் செய்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கள் ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி அக்கா, "நானும் வரவா?" என்றார்.

"ஒரு கையெழுத்துக்கு எதுக்குக்கா ரெண்டு பேரு? ஒரு சாட்சி நானு, இன்னொண்ணுக்கு அங்க நர்ஸ் இருப்பாங்க" என்றேன். தலைக்கனம், வேறென்ன.

நர்ஸ் "தாக் போலே" என்று மலாயில் மறுத்துக் கையை ஆட்டிவிட்டார். ஊழியர்கள் இந்த மாதிரிக் காகிதத்தில் கையெழுத்துப் போடக் கூடாதாம். பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்த ஒரு அண்ணனிடம் கெஞ்சினேன். பேனாவை வாங்கியவர், "பின்னாடி கோர்ட்டுக்குக் கூப்பிடுவாங்களா?" என்றார். "கூப்பிட்டாலும் கூப்பிடலாம்ணே" என்றேன், பெரிய உண்மை விளம்பி மாதிரி. பேனா திரும்பி என் கைக்கு வந்தது.

"நானே போடறேனே" என்றார் ஆன்டி. வீடு யாருக்குப் போகிறதோ அவரே சாட்சி போட்டால் வீடு கிடைக்காது என்று விளக்கினேன். அங்கிள் எல்லாவற்றையும் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போட்டுடறேன்மா, மத்தவங்க அப்புறம் போடட்டும்" என்று கையை நீட்டினார்.

"அப்படிப் போட்டா செல்லாது அங்கிள்" என்று சொல்லி உயிலை ஃபைலுக்குள் வைத்தேன்.

அப்போது மணி ஐந்து. அக்காவுக்குப் போன் செய்தேன். "இப்பவே கிளம்புறேன்லா" என்றார். ஜாமில் மாட்டிக்கொள்வீர்கள், டாக்டர் பயமில்லை என்று சொல்லிவிட்டார், காலையில் சேர்ந்தே வருவோம் என்று நானே தடுத்தேன். பார்க்கும் நேரம் முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. பாவி, தடுத்தேன்.

காலையில் நாங்கள் பாதி வழியில் போகும்போது ஆன்டி அழைத்தார். அழுகை மட்டும்தான் கேட்டது. அக்கா காரை ஓரமாக நிறுத்தினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

இப்போதெல்லாம் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கூடவே இன்னொரு ஆளைக் கூட்டிக்கொண்டுதான் போகிறேன். அதனால் அந்த ஆன்டிக்கு என்ன பிரயோஜனம்?

காரியம் முடிந்த பிறகு அவர் ஆபீசுக்கு வந்தார். அங்கிளின் அண்ணன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். சட்டத்தில் உங்களுக்கு வழியில்லை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவள் நான். இன்னொரு ஆளோடு வந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும், தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வரை வந்தது.

ஆன்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க எவ்வளவு அலைஞ்சீங்க லாயரம்மா. அவரு நேரம் அவ்வளவுதான், யாரு என்ன செய்ய முடியும்?"

"ஆமா ஆன்டி" என்றேன்.