தங்கை கல்யாணத்தில் டியூட்டி

எங்கள் தெரு இமானுவேல் போலீஸ் எழுத்துத் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டவன். உடம்பு மட்டும் தயாராக இருந்தது. கோயம்புத்தூரில் பாடிகார்டு பயிற்சி முடித்து, பழனிசெட்டிபட்டியில் ஏலக்காய் வியாபாரி ராஜமணியிடம் சேர்ந்தான். தோட்டத் தகராறில் யாரோ கார் கண்ணாடியை உடைத்த பிறகு அவருக்குக் கூடவே ஓர் ஆள் தேவைப்பட்டது.

கார் ஷெட்டுக்கு மேலே ஓர் அறை. முதலாளி சாப்பிட்டு எழுந்த பிறகு சாப்பாடு. காரில் காதில் விழுவதை வெளியே சொல்லக் கூடாது என்பதால், எங்கள் ஊர் ராயப்பன்பட்டிக்கு வந்தாலும் அவனிடம் பேச ஒன்றும் இருக்காது. வேலை நேரத்தில் போனை எடுக்க மாட்டான். கூப்பிட்டுப் பார்த்த சேக்காளிகள் நாங்கள், ஒவ்வொருவராகக் கூப்பிடுவதையே விட்டுவிட்டோம்.

தங்கை பெனிட்டாவுக்குக் கல்யாணம் முடிவானது. அப்பா இல்லை, கோயில் வாசலிலிருந்து பீடம் வரை பெண்ணைக் கைபிடித்து அழைத்துப்போக அண்ணன்தான். அதற்காக லீவு கேட்டான். முதலாளி மகிழ்ந்துபோய், தானும் கல்யாணத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். அவர் வந்தால் அது லீவு இல்லை. அதைச் சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை.

முதலாளியே வருகிறார் என்று அம்மா ரோசம்மாள் தெரு முழுக்கச் சொல்லி வந்தார். பெனிட்டா மட்டும் அவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அண்ணே, அவுக வரட்டும். நீ அன்னைக்கு எனக்கு மட்டும்தாண்ணே வரணும்.”

தலையாட்டினான்.

கல்யாணத்தன்று கோயில் வாசலில் அவன் கண் எல்லாப் பக்கமும் அலைந்தது. “ஏலே, மாப்ளயவும் தடவிப் பாத்துத்தான் உள்ள விடுவியா?” என்றான் பெரியப்பா மகன் சகாய பிரவீன். இமானுவேலும் கொஞ்சம் சிரித்தான்.

பாட்டு தொடங்கியது. பெனிட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பாதி தூரத்தில், முன்வரிசையிலிருந்த முதலாளிக்குப் பின்னால் ஒருவர் சட்டென்று எழுந்து, வேட்டி மடிப்புக்குள் கைவிட்டு எதையோ உருவினார். தங்கையின் கையை உதறிவிட்டுப் பாய்ந்த இமானுவேல் அவர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான்.

கையில் இருந்தது செல்போன். அவர் மாப்பிள்ளையின் சித்தப்பா.

“போட்டோ எடுக்கத்தாந் தம்பி” என்றார் மெதுவாக.

அவன் திரும்பியபோது பெனிட்டா மீதித் தூரத்தைத் தனியாக நடந்து முடித்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. முதலாளி அவன் தோளைத் தட்டி, “இவந்தான்யா ஆளு” என்று பக்கத்திலிருந்தவரிடம் பெருமையாகச் சொன்னார்.

பீடத்துக்குப் போவதா, பெஞ்சுக்குப் போவதா என்று தெரியாமல் நின்றான். பிறகு முதலாளிக்குப் பக்கத்தில், தூண் ஓரமாக, கூட்டத்தைப் பார்த்து நின்றுகொண்டான்.

தாலி கட்டியதை அவன் பார்க்கவில்லை. ரோசம்மாள் கண்ணைத் துடைத்ததை வைத்துத்தான் தெரிந்துகொண்டான்.