ஃபேனுக்கு ஓட்டெடுத்தவன்

ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் சின்ன யூனிட்டை நடத்துவது என்றால், நாளெல்லாம் சண்டை தீர்ப்பதுதான் வேலை. நடுநடுவே கொஞ்சம் தைப்போம். நாலு பேரை வைத்து வேலை வாங்கியிருந்தால் உங்களுக்கு இது புரியும். நானோ முப்பது வருடம் தொழிற்சங்கத் தலைவனாகத் தொழிற்சாலை கேட்டில் நின்று முழக்கமிட்டவன், துண்டறிக்கை படித்தே சட்டம் கற்றவன். முதலாளியின் குற்றங்களை வரிசை மாறாமல் அடுக்குவது எங்கள் வழக்கம். என் யூனிட்டில் வேலை பார்த்த செல்விக்கு நான் செய்ததையும் அப்படியே அடுக்குகிறேன். ஒன்று, அவள் சொன்னதைக் கேட்கவில்லை. இரண்டு, எட்டுப் பேரை அவளுக்கு எதிராகக் கை தூக்க வைத்தேன். மூன்று, என் தவறுக்கு அவளைத் திட்டினேன். நான்கு, நோட்டீஸ் எழுதினேன். அவள் இன்னும் திரும்பவில்லை.

ஸ்விட்ச்

எட்டுப் பெண்கள் மெஷினில். செல்வி மட்டும் தனி மேசையில் தோல் துண்டுகளைப் பசை தடவி ஒட்டித் தருவாள். ஃபேன் ஓடினால் ஒட்டுவதற்குள் பசை காய்ந்துவிடும். நின்றால் மெஷின்காரிகளின் வியர்வை சொட்டித் தோல் கறைபடும். ஸ்விட்ச் முன்னால் செல்விக்கும் மெஷின்காரி ஷகிலாவுக்கும் தினமும் சண்டை. மேசையை மூலைக்கு நகர்த்தியிருந்தால் தீர்ந்திருக்கும். அதை அவள் போன பிறகுதான் செய்தேன். அன்றைக்கு எனக்குத் தோன்றியது பொதுக்குழு. கை தூக்கச் சொன்னேன். எட்டுக்கு ஒன்று. ஜனநாயகம் ஜெயித்தது என்று அறிவித்தேன். செல்வி சொன்னாள்:

"அப்படியே பசை காயக் கூடாதுன்னு ஒரு ஓட்டு எடுத்துடுங்கண்ணா."

விட்டுப்போனது

அந்த வாரமே ஒட்டு விட்டுப்போய் மூட்டை மூட்டையாகச் சரக்கு திரும்பி வந்தது. ஆர்டர் தந்த கம்பெனிக்காரர் போனில் என்னைத் திட்டினார். நான் ஒரு சொல் குறையாமல் அதைச் செல்வி மேல் இறக்கினேன், எல்லோர் முன்னாலும். அவள் ஏப்ரனை மடித்து ஸ்டூல் மேல் வைத்தாள்; டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு தன் ஊர் பேரணாம்பட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள். ஷகிலா மெஷினை நிறுத்தினாள்.

"நான் சண்டை போட்டது ஃபேனுக்கு, தலைவரே. அவ வேலைக்கு இல்ல."

நோட்டீஸ்

பத்து நாள் செல்வி போன் எடுக்கவில்லை. "தாமாகவே வேலையைக் கைவிட்டவர்" என்று நோட்டீஸ் எழுதினேன். முதலாளிகள் கேட்டில் ஒட்டிய இதே வாசகத்தை எத்தனை முறை கிழித்திருப்பேன்! மனப்பாடமாக இருந்ததால் எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இது வெளியே தெரிந்தால் வேறு யூனிட்டிலும் அவளைச் சேர்க்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். வாங்க மறுத்தால் இரண்டு சாட்சிகள் முன்னால் படித்துக் காட்ட வேண்டும். ஷகிலாவையும் ஆட்டோக்காரரையும் அவள் வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

செல்வி வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். தாளைத் தொடவில்லை. "படிங்கண்ணா" என்றாள். படித்தேன். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். "தாமாகவே" என்ற இடத்தில் ஷகிலா என்னை ஒரு பார்வை பார்த்தாள். முடித்துத் தாளை மடிக்கப் போனேன்.

"இன்னாண்ணா, அதுக்குள்ள மடிக்கிறீங்க? கீழ யாரு கையெழுத்துன்னு படிக்கலியே. சத்தமா படிங்க, சாட்சிங்க கேக்கட்டும்."

ஊர் ஊராக முதலாளிகளின் பெயர் சொல்லி ஒழிக போட்ட தொண்டையால், ஊரார் முன்னால் என் பெயரை நானே படித்தேன்: "இப்படிக்கு, மா. தேவராசன், நிர்வாகம்."