சீனியம்மாக்கா கேட்ட ஒரு சொல்

சீனியம்மாக்கா போய்விட்டார். முந்தாநாள் காலை, லயத்து வீட்டில், காய்ச்சலில்.

நம்பவே முடியவில்லை... போன வாரம்கூட ஸ்டோர் வாசலில் நின்று முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

போடியில் இருக்கும் நம் மலை ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். லோடு கொண்டுபோகிறவர் கையில் கொடுத்து, காப்பிக் கடைச் சுவரில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். வாசிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

என்னை உங்களுக்குத் தெரியும். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் ஆபீஸ் ரைட்டர் சுப்பையா. மலையிலிருந்து இறங்குகிறவர்களுக்கு அனுமதிச் சீட்டு எழுதுகிறவன்.

அக்காவையும் தெரியும்... ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் காம்பு கிள்ளும் கூட்டத்தில் எந்நேரமும் ஒரு குரல் கேட்குமே, அவர்தான். ராசிங்காபுரத்துக்காரர். ஜெர்மன் சண்டை முடிந்த வருஷம், மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு மலையேறியவர்.

ஸ்டோரில் பாட்டுப் பாடக் கூடாது என்று மேனேஜர் ஆர்டர். பாட்டு வந்தால் கை நின்றுவிடுமாம்.

அக்கா விடுவாரா? "பாட்டுத்தான கூடாது? பேசலாம்ல? ஆளுக்கு ஒரு சொல்லு. வாய்க்குப் பிடிச்ச சொல்லு. ஏன் பிடிக்கும்னும் சொல்லணும்."

வெளியே மழை கொட்டும். உள்ளே புகை. ஒவ்வொருத்தராகச் சொல்லிக்கொண்டு வருவார்கள்.

தேவாரத்து மாயாண்டி "அறுப்பு" என்பார். "அந்தச் சொல்லச் சொன்னாலே வகுத்துக்குள்ள புதுச்சோறு வேகுது தாயி" என்று காரணமும் சொல்வார். மேற்கே மலையாளத்திலிருந்து வந்த சமையற்காரம்மாவுக்கு "மோளே". மகளைக் கூப்பிடுகிற சொல். அதற்கு மட்டும் காரணம் சொல்லாமல் குனிந்துகொள்வார், யாரும் கேட்கவும் மாட்டோம்.

நான் "வெயில்" என்றேன். சட்டை காயும் என்பதால்.

"போ அப்பு, ஒனக்கு ஒரு சொல்லக் குடுத்தாலும் கொடியில காயப்போடத்தான் தெரியும்" என்று அக்கா சிரித்த சிரிப்பு...

அவருக்குப் பிடித்தது "எறங்கலாம்".

மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் கேட் இருக்கிறது. காவல்காரர் சீட்டை வாங்கிப் பார்த்து அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால்தான் கீழே கால் வைக்கலாம். "அது காதுல விழுந்ததும் முழங்கா வலி எங்க போகுதுன்னே தெரியலப்பு. காலு தானா ஊரப் பாத்து நடக்குது" என்பார்.

ஒருநாள் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். "அந்தச் சொல்ல எழுதுனா எப்பிடி இருக்கும்? எழுதித் தாயேன், சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன்."

என் முன்னால் இருந்தது சீட்டுக் காகிதம்தான். பெரிய எழுத்தில் "இறங்கலாம்" என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, மடித்து, சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார்.

விளையாட்டாகத்தான் செய்தேன். சத்தியமாக.

அந்த ஐப்பசியில் கீழேயிருந்து தகவல் வந்தது. மகள் பேச்சிக்கு இடுப்புவலி, தலைப்பிரசவம். அக்கா மேனேஜரிடம் ஓடினார். காய் எடுத்து முடிகிற வரைக்கும் ஒருத்தருக்கும் சீட்டுக் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

அக்கா நான் எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார்.

காவல்காரருக்கும் எழுத்துத் தெரியாது. ஆனால் ஆபீஸ் முத்திரை தெரியும். "முத்திரை எங்க, ஆத்தா?" என்று கேட்டு, கொட்டுகிற மழையில் திரும்ப ஆபீஸுக்கே கூட்டி வந்துவிட்டார்.

யார் எழுதியது என்று மேனேஜர் மூன்று தடவை கேட்டார். நான் பக்கத்து மேஜையில்தான் இருந்தேன், கையில் பேனாவோடு. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "கீழ கெடந்துச்சு சாமி, எடுத்தேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. பயம்... வேலை போய்விடும் என்ற பயம். வேறு காரணம் ஒன்றுமில்லை.

கள்ளச்சீட்டுக் காட்டியவளுக்கு இனிமேல் சீட்டே இல்லை என்று அன்றைக்கே உத்தரவாகிவிட்டது. மூன்று வருஷம். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஊருக்கு இறங்குகிறவர்கள் பெயரை வரிசையாக எழுதுவேன். அவர் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பார். கேட்க மாட்டார். போகிறவர்கள் கையில் பேத்திக்கென்று நாலு மலைநெல்லிக்காய் கொடுத்தனுப்புவார்.

ஒளிந்து இறங்கியவர்களைப் பிடித்து வந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதனால் ஒளிந்து போகிற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. ஸ்டோரில் சொல் கேட்கிற விளையாட்டும் அதோடு நின்றது.

என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சாப்ட்டியா அப்பு?" என்றுதான் கேட்பார்.

நேற்று மதியம் பேச்சி மலையேறி வந்தாள். இடுப்பில் குழந்தை. அக்காவின் முகத்தை மூடுவதற்கு முன்னால் அந்தக் குழந்தையைக் குனிந்து காட்டினாள்.

மண் தள்ளி முடிந்ததும் என்னிடம் வந்தாள். "அண்ணே, நீங்கதான சீட்டு எழுதுறவரு? எங்காத்தா ஏண்ணே ஒரு தடவகூட வரல? எம்மேல எதுவும் கோவமா?"

"மழைம்மா... பாதை சரியில்ல" என்றேன்.

"மூணு வருசமுமா?" என்றாள்.

ஆபீஸுக்குள் போய்விட்டேன். இன்று காலை அவள் இறங்கிவிட்டாள்.

ராசிங்காபுரம் பக்கம் போகிறவர்கள் யாராவது இதைப் பேச்சிக்கு வாசித்துக் காட்டுங்கள். மேனேஜர் காதுக்குப் போனாலும் போகட்டும்.

மழை இல்லை தாயி. நான்தான்.

போயிட்டு வாங்கக்கா...