புரட்டாசியில் மூஸ் வேட்டை

கனடாவின் மொன்றியலில் ஒரு வேட்டைக் கண்காட்சிக்குள் நிற்கிறேன். என்னைக் கூட்டி வந்த, லாசால் பகுதியில் இருக்கும் கணேசண்ணை, வேலையிடத்துச் சிநேகிதர்களோடு மூஸ் வேட்டைக்குப் போக முகாம் தேடுகிறார். மூஸ் என்பது குதிரையைவிட உயரமான மான். வேட்டைக் காலமோ புரட்டாசியில் வருகிறது. அண்ணை அந்த மாதம் சனீஸ்வரனுக்கு விரதம், எறும்பைக்கூட நசுக்கமாட்டார்.

மேசைக்கு மேசை முகாம்காரர்கள் கொம்புகளைக் காட்டி, தங்கள் காட்டில் மிருகம் நிச்சயம் என்கிறார்கள். அண்ணை பிரெஞ்சில் மெர்சி என்று நன்றி சொல்லி நகர்ந்துகொண்டே இருக்கிறார். மூலை மேசைக் கிழவர் மட்டும், தங்கள் பக்கம் மூஸைக் கண்டே வருடக்கணக்காகிறது, ஆனால் ஏரி அழகாக இருக்கும் என்கிறார். அண்ணை அங்கேயே பெயர் பதிகிறார்.

"போயும் போயும் இதையா அண்ணை எடுத்தீங்க?"

"சிநேகிதருக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டன். சனீஸ்வரனுக்குக் கொல்லமாட்டன் எண்டும் சொல்லிப்போட்டன். ரெண்டு பேரையும் ஏமாத்தாத இடம் இதுதான்."